நாற்கரமும் நடுப்புள்ளியும்

ஆயத்தொலை வடிவ கணிதம் தேர்வோடு முடிந்துவிடும் பாடம் என்ற எண்ணம் ஆசிரியரிடையேயும் நிலவுகிறது. மும்பையின் தாராவியைக் கண்டோர் அவ்வாறு கருதார்.

1898இல் நிறுவப்பெற்ற நகர மேம்பாட்டு டிரஸ்டு திட்டமிட்டு வகுத்த மாட்டுங்காவில் மனைகள் பெரும்பாலும் ஒழுங்கானவை. அடுத்துள்ள தாராவியிலோ, மக்கள் தம் தேவைக்கேற்பத் தாமே எழுப்பிய வீடுகளிலும் தொழிற்கூடங்களிலும் செங்கோணம் அரிது. மறுசீரமைப்பிற்காக அங்கே அளவைப் பணி 2024 மார்ச்சில் தொடங்கிற்று. ஆகவே, ஒழுங்கற்ற நாற்கரத்தின் பரப்பு யாது என்பது அங்கு வெறும் ஏட்டு வினா அன்று. ஒரு குடும்பத்தின் இருப்பிடம் பற்றிய வினா.

எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிப் பரப்புக் கூறுவது பழைய வழக்கம். இது தூலக் கணக்கே என்பதைப் பிரம்மகுப்தர் கி.பி. 628இலேயே உணர்த்தினார். செவ்வகம் நீங்கலாக ஏனைய நாற்கரங்களில் இம்முறை பரப்பை மிகுத்தே காட்டும்.

ஒரு தளத்தின் மூலைகள் (0,0), (8,0), (10,6), (2,4) என்க; அளவு மீட்டரில். சராசரி முறையில் பரப்பு ஏறத்தாழ 44 சதுர மீட்டர். ஆயத்தொலைகளைக் குறுக்கே பெருக்கிக் கழித்துக் கூட்டினால் 76. அதன் பாதியாகிய 38 சதுர மீட்டரே உண்மைப் பரப்பு. பிழை சிறிதன்று.

இனி, பக்கங்களின் நடுப்புள்ளிகள் (4,0), (9,3), (6,5), (1,2). இவற்றை முறையே இணைத்தால் இணைகரம் கிடைக்கும். அதன் பரப்பு 19, அதாவது சரிபாதி. வரிஞோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் மறைந்தபின் 1731இல் வெளியான இத்தேற்றம் களப்பணியாளர்க்கும் பயன்படும். முதலிரு நடுப்புள்ளிகளைத் தரையில் குறித்து நாடாவால் அளந்தால் 5.83 மீட்டர் வரவேண்டும்; எதிர்ப்பக்கமும் அவ்வளவே. கணக்கும் நாடாவும் ஒவ்வாவிடில், மூலைகளை மீண்டும் அளத்தல் வேண்டும்.

பாடவேளை போதாது என்பர் சிலர். சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் செய்யும் நேரத்தில், வகுப்பறைக்கு வெளியே கோணலான ஓரிடத்தை ஒருமுறை அளக்கச் செய்யலாம். 3, 4, 5 அளவில் முடிச்சிட்ட கயிறு செங்கோணத்தைத் தரும். ஒரு சுவரே அச்சாகும்.

இன்று வானூர்திப் படங்களும் லேசர் கருவிகளும் அளக்கின்றன. ஆயினும், ஏட்டில் எழுதப்பட்ட எண் சரிதானா என்று வினவ வேண்டியவர் வீட்டுக்கு உடையவரே. அவ்வினாவைத் துணிந்து எழுப்பும் ஆற்றலைத் தாராவியின் தமிழ்வழி மாணவர்க்கு அளிப்பது கணித ஆசிரியரின் கடமை.