வாசலும் வேண்டும், தாழ்ப்பாளும் வேண்டும்

தொலைக்காட்சியின் முதுகில் செருகும் விரல் நீள ஸ்டிக்கோ, உள்ளங்கை அகலப் பெட்டியோ இன்று பல வீட்டுக் கூடங்களில் இருக்கிறது. திரையைப் போட்டால் படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று என்று செயலிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால், ஒரு இணையதளத்தின் முகவரியைத் தட்டெழுதிப் பார்க்க நினைத்தால், பல பெட்டிகளில் அதற்கு இடமே இல்லை. பிரவுசர் எனப்படும் உலாவியை இந்தப் பெட்டிகளில் வைக்க வேண்டுமா, வேண்டாமா? பொழுதுபோக்குச் சாதனத்தைப் பற்றிய சின்னக் கேள்வியாகத் தோன்றினாலும், வீட்டின் மிகப் பெரிய திரையில் எதைப் பார்க்கலாம் என்பதை யார் முடிவுசெய்வது என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது.

ஆப்பிள் டிவி 2015இல் வெளிச் செயலிகளுக்குக் கதவைத் திறந்தது. சஃபாரி உலாவிக்கு இன்றுவரை திறக்கவில்லை. ரோக்கு பெட்டியிலும் உலாவி கிடையாது. குரோம் உலாவியை உருவாக்கிய கூகுளே தன் ஆண்ட்ராய்டு டிவியோடு அதைச் சேர்த்துத் தருவதில்லை. மறுபுறம், அமேசான் ஃபயர் டிவியில் சில்க் உலாவி கிடைக்கிறது. சாம்சங், எல்ஜி தொலைக்காட்சிகளில் உலாவி உண்டு. ஜியோ தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான தன் உலாவியைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தது. ஆகவே, உலாவி இல்லாத இடத்தில் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. தொலைக்காட்சிச் செயலிகள் பலவும் உள்ளுக்குள் இணையப் பக்கங்களாகவே இயங்குகின்றன. யூடியூப் செயலியும் அப்படிப்பட்டதுதான். வண்டியும் எஞ்சினும் இருக்கின்றன. ஸ்டியரிங் மட்டும் நம் கையில் இல்லை.

பழைய கணக்கு

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2010இல் கூகுள் டிவி வந்தபோது குரோம் உலாவியோடுதான் வந்தது. அமெரிக்காவின் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்கள் தளங்களில் இருந்த நிகழ்ச்சிகளை அந்தச் சாதனத்தில் பார்க்க முடியாதபடி தடுத்தன. கணினித் திரையில் இலவசமாகக் காட்டிய அதே காட்சியைக் கூடத்துத் திரையில் காட்ட மறுத்தது முழுக்க முழுக்க வியாபாரக் கணக்கு. கூகுள் டிவிக்கான பெட்டியைத் தயாரித்த லாஜிடெக் 2011இல் கையைச் சுட்டுக்கொண்டு விலகியது. 2014இல் கூகுள் ஆண்ட்ராய்டு டிவியை அறிமுகப்படுத்தியபோது, உலாவியை விட்டுவிட்டே வந்தது.

உலாவி இருந்தால் என்ன பயன் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 2017 டிசம்பரில் கூகுளுக்கும் அமேசானுக்கும் சண்டை முற்றி, ஃபயர் டிவியில் யூடியூபை நிறுத்தப்போவதாகக் கூகுள் அறிவித்தது. அதே மாதத்தில் அமேசான் சில்க், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய இரு உலாவிகளைத் தன் பெட்டியில் சேர்த்தது. 2019 ஜூலையில் இரு நிறுவனங்களும் சமரசமாகிச் செயலி திரும்ப வரும்வரை, மக்கள் உலாவி வழியாக யூடியூப் பார்த்தார்கள். முதலாளிகள் மோதிக்கொண்டாலும் வாடிக்கையாளரின் வீட்டுத் திரை இருளாமல் இருந்ததற்கு அந்த முகவரிப் பட்டைதான் காரணம்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. 2006இல் வந்த அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை வீடுகளுக்கும் ஒரு திரையைக் கொண்டுசேர்த்தது. கணினி இல்லாத வீட்டில் இன்றும் பெரிய திரை என்றால் தொலைக்காட்சிதான். கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் பாடங்களை அதில் ஒளிபரப்புகிறது. ஆனால், பாடநூலின் மின்வடிவமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், தேர்வு முடிவுகளும் இணையதளங்களில் இருக்கின்றன. அவற்றை ஒரு மாணவர் அப்பாவின் கைப்பேசிக்காகக் காத்திருந்து, ஐந்தாறு அங்குலத் திரையில் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாட்டிலுள்ள ஒவ்வொரு நூலகமும், ஊராட்சியும், சிற்றிதழும் தனித்தனியாகத் தொலைக்காட்சிச் செயலி செய்து கடையில் வைப்பது நடக்கிற காரியமா?

மறுப்பவர்களின் நியாயம்

உலாவி வேண்டாம் என்பவர்கள் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. விலை குறைந்த பெட்டிகளின் நினைவகம் கனமான இணையப் பக்கங்களைத் தாங்காமல் திணறுகிறது. குழந்தைகள் நடமாடும் கூடத்தில் எந்தப் பக்கம் எப்போது திறக்குமோ என்ற பெற்றோரின் பயமும் பொய்யில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை பராமரிப்பு. ஃபயர் டிவிக்கான ஃபயர்ஃபாக்ஸை மொசில்லா 2021 ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டது. எல்ஜியின் 2020ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிகளுக்குள் இருந்த உலாவி எஞ்சினோ 2018இல் வெளியான குரோமியம் 68. வாங்கிய அன்றே இரண்டு வயது மூத்தது. கைப்பேசியை மூன்று, நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுகிற நாம், தொலைக்காட்சியை எட்டு, பத்து ஆண்டுகள் வைத்திருக்கிறோம். ஓட்டை அடைக்கப்படாத பழைய உலாவி, தாழ்ப்பாள் துருப்பிடித்த கதவு.

ஆனால், உலாவியை நீக்கிவிட்டால் பெட்டி பாதுகாப்பாகிவிடும் என்பதும் உண்மையில்லை. 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு பெட்டிகளில் ‘வாய்டு’ என்ற தீநிரல் புகுந்திருந்தது 2024இல் தெரியவந்தது. விற்பனைக்கு வரும்போதே தீநிரலோடு வரும் சான்றிதழ் இல்லாத பெட்டிகளைப் பற்றி, 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. பழைய மென்பொருளும், ‘எல்லாச் சேனலும் இலவசம்’ என்ற ஆசைகாட்டலும் உலாவி இல்லாத பெட்டியையும் கெடுக்கும்.

ஆளுக்கொரு பங்கு

எனவே நம் நிலைப்பாடு இதுதான்: உலாவி எல்லாப் பெட்டிகளிலும் கிடைக்க வேண்டும். அது பூட்டிய நிலையில் வரட்டும். வீட்டின் பெரியவர் ரகசிய எண் கொடுத்துத் திறந்துகொள்ளட்டும். திறப்பதா, வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவாக இருக்கட்டும்.

தயாரிப்பாளர்களின் பங்கு, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை வரும் என்பதை அட்டைப் பெட்டியிலேயே அச்சிடுவது. அது முடிகிற நாளில் திரையிலும் அறிவிப்பது. இணையத்தோடு இணையும் நுகர்வோர் சாதனங்களை விற்பவர்கள் அப்டேட் காலத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் பிரிட்டனில் சட்டம். மின்சிக்கனத்துக்கு நட்சத்திரக் குறி ஒட்டப் பழகிய இந்தியாவுக்கு இது புதிய வித்தையில்லை. மத்திய அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இந்தியப் போட்டி ஆணையத்தில் நடந்த ஆண்ட்ராய்டு டிவி வழக்கு, 2025 ஏப்ரலில் கூகுள் ரூ.20.24 கோடி செலுத்த ஒப்புக்கொண்டதுடன் சமரசத்தில் முடிந்தது. ப்ளே ஸ்டோரை வாங்கினால் மற்றவற்றையும் சேர்த்துத்தான் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதன்மூலம் தளர்ந்திருக்கிறது. கிடைத்திருக்கும் இந்தச் சுதந்திரத்தை இந்தியத் தயாரிப்பாளர்கள் நல்ல உலாவி ஒன்றைத் தருவதற்குப் பயன்படுத்தலாம்.

மாநில அரசுத் துறைகள் தங்கள் தளங்களைப் பெரிய எழுத்தில், ரிமோட்டின் அம்புக்குறிகளாலேயே நகர்த்திப் பார்க்கும்படி அமைக்க வேண்டும். பல தொலைக்காட்சி உலாவிகளில் பிடிஎஃப் கோப்புகள் சரியாகத் திறப்பதில்லை. பாடநூல்களைச் சாதாரண இணையப் பக்கங்களாகவும் கொடுத்தால் பயன் பெருகும். பெட்டியைப் பொருத்திக் கொடுக்கும் கேபிள்காரரும் கடைக்காரரும் ரகசிய எண் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

கடைசிப் பங்கு நம்முடையது. வங்கிக் கணக்கைத் தொலைக்காட்சி உலாவியில் திறக்காமல் இருப்பது, ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்பாமல் இருப்பது, மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத பெட்டியை வாங்காமல் இருப்பது ஆகியவற்றை எந்தச் சட்டமும் நமக்காகச் செய்துவிடாது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலையோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: “இதில் பிரவுசர் இருக்கிறதா? அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்?” பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விநியோகஸ்தரைக் கேட்பார், விநியோகஸ்தர் நிறுவனத்தைக் கேட்பார். நாம் கேட்கத் தொடங்குவோம்.