மைக்கை யார் அணைப்பது?

சாத்தூர் பக்கம் ஓர் ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலைப் படிப்பு வட்டம் நடத்துகிறோம். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும்போது கூட்டம் கூடும். பிள்ளைகள் புத்தகத்தோடு வருவார்கள். செல்போனும் கூடவே வரும். அப்படி ஒரு மாலையில், முன்பின் தெரியாதவர்களோடு நால்வர் அணியாகச் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டில் இருந்த பத்தாம் வகுப்புப் பையனின் போனிலிருந்து ஒரு குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "எந்த ஊரு?" சொன்னான். "எந்தத் தெரு?" பேசாமல் இருந்தான். "என்ன ஆளுக நீங்க?" அதற்கும் பதில் இல்லை. பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டான் அந்தப் பக்கம் இருந்தவன். அடுத்து வந்த வார்த்தையை இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பலர் அதைப் பள்ளிக்கூட வாசலிலோ டீக்கடையிலோ கேட்டவர்கள்தாம்.

பையன் மைக்கை அணைத்தான். ஆட்டத்தை முடித்தான், தோற்றான். அன்று இரவே ஐடியை மாற்றினான். பழைய பெயரில் ஊர்ப் பெயரும் ஒரு நீல இதயமும் இருந்தன. புதுப் பெயரில் இரண்டும் இல்லை.

மறுநாள் வட்டத்தில் பெரிய வாக்குவாதம். விளையாட்டுக்குள் பேச்சு வசதி எதற்கு, எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று பாதிப்பேர். நாங்கள் அதை ஏற்கவில்லை. ஏன் என்பதை அன்று முழுதாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பேச்சு வசதி என்பது ஒரே பொருள் இல்லை. எதிராளியோடு பேசுவது வேறு, சொந்த அணியோடு பேசுவது வேறு. கிளாஷ் ராயல் ஆடியவர்களுக்குத் தெரியும், எதிராளிக்கு நாம் எதையும் எழுதி அனுப்ப முடியாது. தயாராக வைத்திருக்கும் சில சொற்களும், சிரிக்கும் ராஜா, அழும் ராஜா படங்களும்தான். ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டிலும் முன்பின் தெரியாத எதிராளியிடம் குறிப்பிட்ட சில வாழ்த்துச் சொற்களுக்கு மேல் எதுவும் போகாது. இதனால் அந்த ஆட்டங்களின் வியூகம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. (சிரிக்கும் ராஜாவை வைத்தே ஆளை வெறுப்பேற்ற நம்மவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது தனிக் கதை. கடைசியில் அதற்கும் ஒலியடைக்கும் பொத்தான் வைக்க வேண்டியதாயிற்று.) கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் யார் வேண்டுமானாலும் பேசக்கூடிய பொது அரட்டை ஒன்று இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள், கிளானுக்குள் பேசுவதை விட்டுவைத்தார்கள். பொது மைதானத்து அரட்டை போனதற்கு நாங்களும் அழவில்லை.

அணிப் பேச்சு அப்படி அல்ல. ஒரு கிளானில் 50 பேர் வரை இருக்கலாம். போர் என்றால் எந்தத் தளத்தை யார் அடிப்பது, யாருக்கு எந்தப் படையை அனுப்புவது என்று ஒரு நாள் முழுக்கத் திட்டம் போட வேண்டும். நால்வர் அணி ஆட்டத்திலோ அந்தத் திட்டத்தை நொடிகளில் போட வேண்டும். "இடது பக்கம் போ, நான் பாத்துக்கிறேன்" என்று ஒருவர் சொல்ல மூவர் கேட்க வேண்டும். எங்கள் காலனிப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாது. ஊர் மைதானத்தில் கிரிக்கெட் ஆடப் போனால் மைதானம் யாருடையது, கேப்டன் யார், தண்ணீர் எந்தக் குடத்தில் என்று எல்லாமே முன்கூட்டியே முடிவாகியிருக்கும். தென்மாவட்டங்களில் கிரிக்கெட் தகராறு எத்தனை முறை வழக்காகியிருக்கிறது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். போனுக்குள் இருக்கும் மைதானத்தில், வரைபடத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்தவன் தலைவன். ஆனால் தலைமை தாங்கக் குரல் வேண்டும். அந்தக் குரலைத்தான் "எந்தத் தெரு?" என்ற கேள்வி குறிவைக்கிறது. குரலையே எடுத்துவிட்டால் கேள்வி கேட்டவன் நினைத்தது நடந்துவிடும்.

தகராறு வந்ததும் எல்லோருக்குமாகச் சேர்த்து மூடிவிடும் வைத்தியம் விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். 1997-இல் அன்றைய தி.மு.க. அரசு விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகத்தை அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளையரை எதிர்த்து மடிந்தவர், தேவேந்திரர் சமூகத்தில் பிறந்தவர். கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. சேரன், சோழன், பாண்டியன் பெயர்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவரின் பெயர் தாங்கிய பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். பஸ்கள் உடைந்தன, கலவரம் மாவட்டம் தாண்டிப் பரவியது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? அந்த ஆண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. கலவரக்காரர்கள் கேட்டது ஒரு பெயரை நீக்கத்தான். அது அவர்களுக்குக் கிடைத்தது. மற்றப் பெயர்கள் உடன் போனது நடுநிலை என்று காட்டிக்கொள்ள. பஸ்ஸில் பெயர் இல்லாமல் போனதால் எந்த டீக்கடையிலும் தனிக்குவளை உடைந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

தடையால் வாய் அடங்கும் என்று நம்புபவர்களுக்கு இன்னொரு கணக்கு. பப்ஜி மொபைலை ஒன்றிய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்தது. காரணமாகச் சொன்னது நாட்டின் பாதுகாப்பையும் தரவுகளையும்தான், பேச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதன் பிறகு, 2021 ஜூனில், அதே பப்ஜியை நேரலையில் ஆடியபடி பெண்களையும் உடன் ஆடுபவர்களையும் ஆபாசமாக ஏசியதாக யூடியூபர் மதன் மீது புகார்கள் குவிந்து, சென்னை மத்தியக் குற்றப்பிரிவு அவரைத் தர்மபுரியில் கைது செய்தது. அடுத்த மாதம் குண்டர் சட்டமும் பாய்ந்தது. தடை செய்யப்பட்ட விளையாட்டு தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பார்வையாளர்களோடு ஓடிக்கொண்டிருந்தது, அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வழக்கு எழ முடிந்ததற்குக் காரணம் நேரலையின் பதிவு எல்லோர் கையிலும் இருந்ததுதான். இதற்குப் பிறகு திரும்ப வருவோம்.

கையில் கட்டும் வண்ணக் கயிறும் அப்படியே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்தப் பரிந்துரை சரியானது, நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் அதே இரட்டை வண்ணங்கள் விளையாட்டு ஐடிக்குப் பக்கத்தில் இதய எமோஜியாக வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்கு மைக் தேவையில்லை. பேச்சை அணைத்தாலும் அது அங்கேயே இருக்கும்.

எங்கள் பகுதிக்காரர்களுக்குப் புரியும் உதாரணம் சொல்கிறோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், குறைந்தது 20 பேர். ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் பிறகு வெளியூரிலிருந்து ஒரு குரல் வரும்: இந்த ஆலைகளையே மூடிவிட்டால் என்ன? இறந்தவர்களின் வீட்டிலிருந்து அந்தக் குரல் வந்து நாங்கள் கேட்டதில்லை. மூடினால் பட்டினி கிடப்பது குழாய் ஒட்டியும் திரி செருகியும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்கள். ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. உள்குத்தகை கூடாது என்றும் இருக்கிறது. நாம் தெருவில் நின்று கேட்பது அந்த விதிப்படி நடத்து, ஆய்வுக்கு ஆள் அனுப்பு, மீறினவனை உள்ளே தள்ளு என்பதைத்தான். விளையாட்டு நிறுவனங்களிடமும் அதையே கேட்போம்.

என்ன கேட்பது? நாங்கள் பார்த்த விளையாட்டுகளில் புகார்ப் பொத்தானைத் தொட்டால் ஏமாற்று, ஆபாசம், தொல்லை என்று வரிசை வரும். சாதி என்று ஒரு வரி இல்லை. முடியாத காரியம் இல்லை இது. யூடியூப்பின் வெறுப்புப் பேச்சு விதியில் சாதி இருக்கிறது, ஃபேஸ்புக்கின் விதியிலும் இருக்கிறது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இடைநிலை நிறுவனங்கள் குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும், புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். 2022-இல் வந்த திருத்தம், வன்முறையைத் தூண்டும் நோக்கில் சாதிப் பகை வளர்க்கும் உள்ளடக்கத்தையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. அப்படியிருந்தும் புகார் போய்ச் சேரும் இடத்தில் தமிழில் எழுதினாலும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினாலும் வசவைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் இருக்கிறாரா? இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

சொற்களைத் தடுக்கும் வடிகட்டி போதும் என்பவர்கள் உண்டு. அங்கே எச்சரிக்கை தேவை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பில் வைத்தார். ஒரு கண்மூடி வடிகட்டி அவரைத்தான் முதலில் பிடிக்கும். எங்கள் பையன்களில் ஒருவன் தன் அணிக்குச் சமூகத்தின் பெயரையே வைக்க முயன்று "தகாத சொல்" என்று திருப்பி அனுப்பப்பட்டான். "எந்தத் தெரு?" என்று கேட்டவனை அந்த வடிகட்டி பிடிக்கவே பிடிக்காது, அவன் எந்தத் தகாத சொல்லையும் இன்னும் சொல்லவில்லையே.

சட்டத்துக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகின்றன. பொதுமக்கள் பார்வை என்றால் எது? நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் சொன்னது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. பழங்குடிப் பெண்ணை யூடியூப்பில் இழிவுபடுத்தியதாக எழுந்த வழக்கில், இணையத்தில் போட்ட இழிச்சொல் பார்க்கப்படும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் முன்னிலையில் சொன்னதாகவே கொள்ள வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் சொன்னது. நேரலையில் ஏசினால் இரண்டாவது தீர்ப்பைக் கையில் எடுக்கலாம். 50 பேர் படிக்கும் கிளான் அரட்டைக்கும் நியாயமாக வாதாடலாம். முன்பின் தெரியாத நால்வர் மட்டும் இருக்கும் குரல் அறை? நான்கு சுவரா, தெருவா? எங்கள் கருத்தில் அது தெருதான், முன்பின் தெரியாத இருவர் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்களே. ஆனால் இதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். யாராவது ஒருவர் வழக்குப் போட்டால்தான் சொல்லும். வழக்குப் போடப் பதிவு வேண்டும். குரல் காற்றோடு போய்விடுகிறது. திரைப்பதிவு, தேதி, நேரம், எதிராளியின் ஐடி எண் நான்கும் இருந்தால் 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இத்தனையும் சொல்லி முடித்தபோது, ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் பி.ஏ. படிக்கும் தங்கை ஒருவர் எழுந்தார். ஆண் பெயரில் ஆடுபவர், மைக்கை ஒருநாளும் திறக்காதவர். "அண்ணே, நீங்க பேசுறதுக்கு இடம் கேக்குறீங்க. எனக்குப் பேசாம ஆடுறதுக்கு இடம் வேணும். மைக் போடலன்னா டீம்ல இருந்து தூக்கிடுறாங்க" என்றார். தெருப் பெயரைக் கேட்பதற்கு முன்பே, பெண் குரல் என்று தெரிந்த நொடியிலேயே அவருக்கு ஏச்சு தொடங்கிவிடும்.

இதற்கு எங்களிடம் தயார் பதில் இருக்கவில்லை. பேச்சு உரிமை என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் பேச்சுக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எனவே கோரிக்கையைத் திருத்திக்கொண்டோம். விளையாட்டை நிறுவும்போது மைக் அணைந்தே இருக்கட்டும், வேண்டுபவர் திறக்கட்டும். பேசாதவர்களும் அணியை நடத்த வழி இருக்கட்டும். 2019-இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் ஒரே பொத்தானால் எதிரி எங்கே, ஆயுதம் எங்கே, எந்தப் பக்கம் போகலாம் என்று அணிக்குச் சுட்டிக்காட்டலாம், ஒரு சொல் பேச வேண்டியதில்லை. அப்படியொரு வசதி, தமிழ்ச் சொற்களோடு, எல்லா அணி விளையாட்டிலும் வேண்டும். அணைக்கும் பொத்தான் ஆடுபவரின் விரலில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் கையில் அல்ல. தங்கை இதை அரை மனதாகத்தான் ஏற்றார். "மொதல்ல தூக்குறத நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த மாலையில் பையனிடம் பேசிய குரலின் பதிவு எங்களிடம் இல்லை. ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம், ஒருவருக்கும் திரைப்பதிவைத் தட்டத் தோன்றவில்லை. இப்போது வட்டத்தில் ஆடுபவர்கள் பதிவைப் போட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். இரண்டே நாளில் போன் நிறைந்துவிடுகிறது, எதை அழிப்பது என்று சண்டை நடக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் மெமரி கார்டு இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள்.