பழைய யன்னலைக் கழட்ட முதல்

எழுவைதீவில் ஒரு பழைய கல்வீட்டைத் திருத்தத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் போவது யன்னல்தான். கூரையில் கைவைக்கக் காசு காணாது. சுவர் இன்னும் கொஞ்சக் காலம் நிற்கும். யன்னலை மாற்றினால் மட்டும் இரண்டே நாளில் வீடு புதுசு போலத் தெரியும், போட்டோவிலும் நன்றாக வரும். வெளிநாட்டில் இருந்து வரும் தொலைபேசியிலும் அதுதான் கதை: "அக்கா, அந்தப் பலகை யன்னல் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு அலுமினியம் போடுங்கோ, காசை நான் அனுப்புறன்."

அந்த அன்பில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அந்த முடிவில்தான் சந்தேகம். பழைய யன்னலைக் கழட்ட வேண்டாம், திருத்தி அப்படியே விட்டுவிட்டு அதன் உட்புறத்தில் இரண்டாவதாக ஒன்றைப் போடலாம் என்பதே எங்கள் கருத்து. செலவு குறையும், வீடும் இருக்கக்கூடியதாக இருக்கும்.

பழைய யன்னல் மீது சொல்லப்படும் குறைகள் பொய் இல்லை. மாரியில் தூவானம் அடிக்கும்போது பலகையை மூடினால் அறை பகலிலேயே இருண்டுவிடும். பிள்ளைகள் படிக்க லைற் போட வேணும். மூடாமல் விட்டால் கட்டில் நனையும். பின்னேரம் ஐந்து மணிக்கு நுளம்பு வரத் தொடங்கும். சோளகக் காற்று நேரம் மணலும் உப்பும் உள்ளே வரும். இறுகிப்போன கதவை இழுத்து மூட வயதுபோன அம்மாக்களின் கைக்குப் பலம் போதாது. "பழசைக் காப்பாற்றுங்கோ" என்று யாழ்ப்பாண நகரத்தில் இருந்து கட்டுரை எழுதுபவர்கள் இந்த வீடுகளில் ஒரு மாரிகாலம் இருந்து பார்க்க வேணும். குறைகள் உண்மை என்பதால்தான் சரியான தீர்வைத் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த யன்னல் செய்கிற வேலையைப் பார்ப்போம். எங்கட பழைய வீடுகளில் பல யன்னல்களுக்கு நாலு கதவு. மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் இரும்புக் கம்பிகள். ஏன் நாலு? சூடான காற்று மேலே ஏறும். மேல்கதவைத் திறந்தால் அது வெளியே போகும். கீழ்க்கதவைத் திறந்தால் நிலத்தோடு வரும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வீதியில் போகிறவர் பார்க்கக்கூடாது என்றால் கீழை மூடிவிட்டு மேலை மட்டும் திறக்கலாம். படுக்கும்போது முகத்தில் காற்றுப் பட வேணும் என்றால் மறுவளமாகச் செய்யலாம். வெயில் நேரடியாக அடிக்கும்போது பலகையை மூடினால் வெயில் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

அதற்குப் பதிலாக வரும் வழுகும் அலுமினிய யன்னலில் ஒரு கண்ணாடி மற்றக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்கும். எப்படித் திறந்தாலும் பாதிதான் திறபடும். சாதாரணக் கண்ணாடி வெயிலின் வெப்பத்தில் 80 வீதத்துக்கு மேல் உள்ளே விடும். அலுமினியம் மரத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சித்திரை வெயிலில் அந்தச் சட்டத்தில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. அதற்குப் பிறகு கேர்ட்டின் தொங்கவிட வேணும், கேர்ட்டின் போட்டால் காற்று வராது, காற்று வராவிட்டால் மின்விசிறி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காசு அனுப்பும் எங்கட மாமாக்கள், அன்ரிகளில் லண்டனில் இருக்கிறவர்கள் பலர் குடியிருப்பது விக்ரோறியா காலத்து வீடுகளில். அந்த வீடுகளின் யன்னலும் மேல், கீழ் என்று இரண்டு பகுதிதான். அதை சாஷ் யன்னல் என்பார்கள். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் கயிறும் நிறைகல்லும் தாங்க, இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் வழுகும். மேலைக் கொஞ்சம் இறக்கி, கீழைக் கொஞ்சம் உயர்த்தினால் சூடான காற்று மேலால் போய்க் குளிர்ந்த காற்று கீழால் வரும். எங்கட நாலு கதவு செய்யும் அதே வேலை. அந்த யன்னல்களிலும் இடைவெளியால் காற்று வரும், பனிகாலத்தில் குளிர் தாங்காது, வீதிச் சத்தம் கேட்கும். அங்கே பல பழைய வீதிகளில் வீட்டு முகப்பை நினைத்தபடி மாற்ற முடியாது, உள்ளூராட்சியின் அனுமதி வேணும். ஆகவே அவர்கள் பழைய யன்னலை விட்டுவிட்டு உட்புறத்தில் இன்னொரு கண்ணாடியைப் போடுகிறார்கள். செக்கண்டரி கிளேசிங் என்று அதற்குப் பெயர்.

அதில் பல வகை உண்டு. பிணைச்சல் போட்டுக் கதவு போலத் திறப்பது, பக்கவாட்டில் வழுகுவது, சாஷ் போலவே மேலும் கீழும் வழுகுவது, பனிகாலம் முடியத் தூக்கி எடுத்து வைப்பது, காந்தப் பட்டியால் ஒட்டி நிற்கும் மெல்லிய அக்ரிலிக் தகடு. சத்தம் குறைய வேண்டும் என்றால் இரண்டுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் அளவில் இடைவெளி விடுவார்கள். குளிருக்கு அதைவிடக் குறைந்த இடைவெளியே போதும். ஸ்கொட்லாந்தின் மரபுரிமை நிறுவனத்துக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் செய்து 2008இல் வெளிவந்த பரிசோதனை ஒன்றில், இப்படி உள்ளே இரண்டாவது கண்ணாடி போட்டபோது கண்ணாடி வழியாக வெளியேறும் வெப்பம் 60 வீதத்துக்கு மேல் குறைந்தது. எங்களை யோசிக்க வைத்தது அதே பரிசோதனையின் இன்னொரு முடிவு: வெறும் மரப்பலகைக் கதவை மூடினாலே பாதியளவு குறைந்தது. குளிர்நாட்டில் அளந்து பார்த்து மெச்சிய பலகையைத்தான் நாங்கள் இங்கே கழட்டி வேலியோரம் சாத்துகிறோம்.

அதற்காக லண்டனில் செய்வதை அப்படியே எழுவைதீவில் செய்யச் சொல்லவில்லை. அங்கே எதிரி குளிர். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக்கூடாது, அதனால் காற்றுப் புகாமல் இறுக்கி மூடுவார்கள். இங்கே வெயில், சாய்வாக அடிக்கும் மழை, உப்பு, நுளம்பு என்று நாலு எதிரிகள். நாலையும் ஒரே கண்ணாடியால் மறிக்க முடியாது. நாங்கள் எடுக்க வேண்டியது அந்த யோசனையை மட்டும்: இருக்கிறதை விட்டுவிட்டு, அது செய்யாத வேலைக்கு மட்டும் இன்னொன்றைச் சேர்ப்பது. வெயிலை வெளியில் இருக்கும் பலகையே மறிக்கட்டும். மழைக்கும் நுளம்புக்கும் உள்ளே ஒன்று வரட்டும்.

முதலில் திருத்தம். கறள் பிடித்த பிணைச்சலையும் கொளுக்கியையும் மாற்ற வேணும். கறையான் தின்ற அடிச்சட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து, அந்த அளவுக்குப் புதுமரம் பொருத்தலாம். முழு நிலையையும் மாற்றத் தேவையில்லை. முதிரை நிலையாக இருந்தால் மாற்றவே கூடாது. இன்றைக்கு அந்த மரத்தைக் கொண்டுவர அனுமதிப்பத்திரமும் வேணும், பெரிய காசும் வேணும். இறுகிய கதவை ஓடாவியைக் கொண்டு சீவி, பெயின்ற் அடித்தால் அம்மாவின் கைக்கும் அது அசையும்.

அடுத்தது வலைச்சட்டம். மெல்லிய மரச்சட்டத்தில் நுளம்பு வலை அடித்து, உட்புறம் பிணைச்சலில் தொங்கவிடலாம். சாதாரண இரும்பு வலை தீவின் உப்புக்காற்றில் நிற்காது. பைபர் வலை போடலாம். ஆணியும் பிணைச்சலும் துருப்பிடிக்காத உருக்கில் இருந்தால் நல்லது.

மூன்றாவது, மாரிக்கு மட்டும் ஒரு தெளிவான தகடு. அதே அளவில் இன்னொரு சட்டம் செய்து, கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் அல்லது பொலிகாபனேற் தகடு பொருத்தி, ஐப்பசியில் மாட்டி, தையில் கழட்டிப் பரணில் வைக்கலாம். சாதாரண மழைக்குப் பலகையைக் கொளுக்கியில் விட்டுவிட்டு இந்தச் சட்டத்தை மூடினால் வெளிச்சம் வரும், தூவானம் வராது. 2008இல் நிஷா, 2020இல் புரெவி வந்த நாட்களைப் போல மழை கொட்டினால் பலகையையும் சேர்த்து மூடலாம். கண்ணாடி யன்னல் மட்டும் உள்ள வீட்டில் இந்த இரண்டாவது தடுப்பு இல்லை. காற்றில் பறந்துவரும் ஒரு மட்டை போதும் கண்ணாடியை உடைக்க.

செய்யும்போது கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம். உங்கட யன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? வெளிப்பக்கம் திறந்தால் இரண்டாவது சட்டம் உள்ளே வரலாம். ஆனால் கம்பிக்கு இடையால் கையை விட்டுக் கதவை மூட இடம் வேணும் என்பதால், அந்தச் சட்டம் திறக்கக்கூடியதாக அல்லது தூக்கி எடுக்கக்கூடியதாக இருக்க வேணும். உட்பக்கம் திறந்தால் சட்டம் வெளியே, கம்பிக்கு அப்பால் போக வேண்டிவரும். பழைய கல்வீடுகளின் சுவர் தடிப்பானது, இரண்டுக்கும் அதற்குள் இடம் இருக்கும். மற்றது ஈரம். இரண்டுக்கும் நடுவில் ஈரக்காற்று சிறைப்பட்டால் மரம் உக்கும். லண்டனிலும் வெளியன்னலைக் கொஞ்சம் மூச்சுவிடத்தான் விடுகிறார்கள். மழை விட்ட நாளில் இரண்டையும் திறந்து உலரவிட வேணும்.

"இவ்வளவு மினக்கெடுறதைவிட ஒரேயடியாக மாத்தினா என்ன?" என்று கேட்பீர்கள். எழுவைதீவுக்கு எல்லாமே ஊர்காவற்றுறையில் இருந்து படகில் வர வேணும். கண்ணாடியும் அப்படித்தான். வழுகும் யன்னலின் சின்னச் சில்லு தேய்ந்தாலும், பூட்டு உடைந்தாலும் அதே பயணம். சோளகம் பெலத்த நாளில் அதுவும் இல்லை. உப்பில் அலுமினியமும் தப்பாது. இரும்புத் திருகாணியால் பொருத்தினால் ஆணியைச் சுற்றி அலுமினியம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகும். பலகை யன்னலின் நோயோ ஊரில் ஒரு உளி, ஒரு சீவுளி தெரிந்த ஆளோடு தீரும். அந்த ஆளுக்கு வேலை இருந்தால்தான் அவர் ஊரில் இருப்பார் என்பதும் இதில் அடக்கம்.

மின்சாரக் கணக்கும் உண்டு. எழுவைதீவு நாட்டின் பிரதான மின்கம்பியோடு இணைக்கப்படாத தீவு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைத்த, காற்று, சூரியஒளி, பற்றரி, டீசல் என்று கலந்த சிறு மின்தொகுதிதான் அதற்கு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவுக்கு இதே மாதிரியான தொகுதிகளை இந்திய உதவியில் அமைக்க 2022 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. இப்படி ஊருக்குள்ளேயே மின்சாரம் செய்யும் இடத்தில், இரவில் எல்லா வீட்டிலும் மின்விசிறி சுழல வைக்கும் யன்னல்களைப் போடுவது பொதுச்சொத்தை வீணாக்குவதுதான். பகல் முழுக்க வெயிலை மறித்த அறைக்கு இரவில் விசிறி குறைவாகவே தேவைப்படும்.

கடைசியாக ஒன்று. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையும் இல்லை, கதவு யன்னலும் இல்லை, வெறும் சுவர்தான் நின்றது. அதெல்லாம் தாண்டி இன்றைக்கும் ஒரு வீட்டில் பழைய நிலையும் கதவும் நிற்கிறது என்றால் அது பெரிய விஷயம். போர் கொண்டுபோகாததை நாங்களே காசு கொடுத்துக் கழட்டுகிறோம். கழட்டியது பழம்பொருள் வியாபாரியின் கையால் எங்கோ ஒரு ஹோட்டல் சுவரில் அழகுக்குத் தொங்கும்.

வீடு யாருடையது, உறுதி யார் பெயரில் இருக்கிறது என்ற சண்டைக்குள் நாங்கள் வரவில்லை. ஆனால் யன்னலைத் தினம் திறந்து மூடுவது அந்த வீட்டில் இருக்கும் அம்மாவோ அக்காவோதான். ரொறன்ரோவில் இருந்து போட்டோ பார்த்து முடிவெடுப்பவரைவிட, எந்த மணிக்கு எந்தப் பக்கத்தால் காற்று வரும் என்று அவவுக்குத் தெரியும். ஆகவே காசு அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வீடு முழுக்க மாற்ற அனுப்பும் காசில் முதலில் ஒரே ஒரு அறைக்கு, ஒரே ஒரு யன்னலுக்கு இரண்டாவது சட்டம் போட்டுப் பாருங்கோ. ஒரு சோளகமும் ஒரு மாரியும் போகட்டும். அதற்குப் பிறகு அந்த அறையில் படுப்பவரிடம் கேளுங்கோ. அவ வேண்டாம் என்று சொன்னால் அலுமினியம் கடையில் எப்போதும் இருக்கும். கழட்டி விற்ற யன்னல் திரும்ப வராது.