போக்கிமான் சுவோர்ட், ஷீல்ட் - இரசிகர் எதிர்வினைகள்

போக்கிமான் சுவோர்ட், போக்கிமான் ஷீல்ட் (வாள், கேடயம்) என்பன 2019 நவம்பர் 15 அன்று நின்டெண்டோ சுவிட்ச் கருவிக்கு வெளிவந்த இரட்டை நிகழ்பட ஆட்டங்கள் ஆகும். கேம் ஃபிரீக் நிறுவனம் உருவாக்கிய இவை, கற்பனை உயிரினங்களைப் பிடித்துப் பழக்கிப் போரிடச் செய்யும், 1996இல் ஜப்பானில் தொடங்கிய, பாத்திரமேற்று ஆடும் தொடரின் எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தவை.

முந்தைய உயிரினங்கள் அனைத்தையும் புதிய ஆட்டத்துக்குக் கொண்டுவர இயலாது என 2019 ஜூனில் தயாரிப்பாளர் ஜூனிச்சி மசுதா அறிவித்ததே சர்ச்சையின் தொடக்கம். உயர்தர அசைவூட்டமும் ஆட்டச் சமநிலையும் காரணங்களாகக் கூறப்பட்டன. வெளியீட்டின்போது ஆட்டத்தின் அட்டவணையில் 400 உயிரினங்களே இருந்தன.

ஆயினும் சினத்தின் வேர் எண்ணிக்கையில் இல்லை. 2002இல் வெளிவந்த ரூபி, சபையர் ஆட்டங்களில் பிடித்த உயிரினத்தை அதுவரை ஒவ்வொரு தலைமுறைக்கும் நகர்த்திவர முடிந்தது. இப்பயணம் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. பழைய ஆட்டத்துக்குத் திரும்ப இயலாது, புதியதிலோ இடமில்லை. (பல்லாண்டு சேமித்த கோப்பை மென்பொருளின் புதிய பதிப்பு திறக்க மறுப்பதை இது ஒத்தது.)

முதல் வார இறுதியில் 60 இலட்சம் படிகள் விற்றன. இதைக் கொண்டு எதிர்ப்பு பொய்யானது எனல் பொருந்தாது. புதிதாக வந்தோர் எதையும் இழக்கவில்லை. வைல்டு ஏரியா எனும் திறந்த நிலப்பரப்பு பலரால் பாராட்டப்பட்டது. 2020இல் வந்த இரு விரிவாக்கங்கள் 200க்கும் மேற்பட்ட உயிரினங்களை மீட்டுத் தந்தன. எனினும் 2022இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களின் அட்டவணையும் 400 உயிரினங்களுடனேயே தொடங்கியது.