பூட்டு ஆங்கிலத்தில், திருடன் தமிழில்!

முன்னாளில் திருடன் கன்னக்கோலோடு வந்தான். சுவரைத் துளைக்க அவனுக்கு இரவும் இருளும் வேண்டியிருந்தன. இன்றைய திருடனுக்கு அவை வேண்டா. பட்டப்பகலில் கைப்பேசியில் அழைக்கிறான். 'ஐயா', 'அம்மா' என்று பணிவோடு விளிக்கிறான். தன்னை வங்கி அலுவலன் என்கிறான். அட்டை முடங்கப் போகிறதென்று அச்சுறுத்துகிறான். முடிவில் வீட்டுக்குரியவரைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்து, உள்ளதை வாரிக்கொண்டு போகிறான்.

அட்டையின் எண்ணை அவன் எப்படியோ அறிந்துகொள்ளலாம். ஆயினும் இந்நாட்டு இணைய விற்பனையில் அந்த எண் மட்டும் போதாது. கணக்குடையவரின் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணும் பொதுவாகக் கேட்கப்படும். மக்கள் 'ஓ.டி.பி.' என்று வழங்குவது அதுவே. எவ்வளவு பணம் போகிறது என்னும் குறிப்பும், இவ்வெண்ணை எவர்க்கும் சொல்லற்க என்னும் எச்சரிக்கையும் அதனோடு வருகின்றன. பூட்டு வலியதே! ஆனால் அவ்வெச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அன்றோ வருகிறது?

தமிழன்றிப் பிறமொழி அறியாத உழவரும், நெசவாளியும், முதியோர் உதவித்தொகை பெறும் மூதாட்டியும் அச்செய்தியில் காண்பவை சில எண்களே. அவ்வேளையில் திருடனோ செவியருகே தெளிந்த தமிழில் பேசிக்கொண்டிருக்கிறான். காவலன் அறியாத மொழியில் கூவ, கள்வன் தாய்மொழியில் குழைந்தால், எவன் சொல் நெஞ்சில் ஏறும்?

'படிக்காதவர் ஏமாந்தார்' என்று சொல்லிவிடுவது எளிது. பழி படிக்காதவர் மேலதா, அவர் படிக்க முடியாத மொழியில் எழுதியவர் மேலதா? வங்கிகள் அச்சிட்டுத் தரும் படிவங்களும் கணக்கேடுகளும் ஆங்கிலம், இந்தியோடு அவ்வம் மாநில மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று இரிசர்வு வங்கியின் 2015 சூலை முதல் நாள் தொகுப்புச் சுற்றறிக்கை கூறியது. வெறுந்தாளுக்குப் பொருந்திய நெறி, பணத்தையே காக்கும் குறுஞ்செய்திக்குப் பொருந்தாதா?

அந்நெறி வரும்வரை மக்கள் வாளாவிருத்தல் ஆகாது. பணம் செலுத்துவதற்கே 'பின்' எனப்படும் மறைவெண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. 'பணம் வருகிறது, மறைவெண்ணை இடுங்கள்' என்பவன் கள்வனே. அட்டையின் இணையப் பயன்பாட்டையும் அயல்நாட்டுப் பயன்பாட்டையும் அடைத்து வைக்கவும், எடுக்கும் தொகைக்கு வரம்பிடவும் வழிசெய்ய வேண்டுமென்று 2020-இல் வங்கிகளுக்கு ஆணையிடப்பட்டது. அவ்வழியை வங்கியில் கேட்டறிந்து கைக்கொள்க.

பணம் பறிபோனால் நாணி மறைத்தல் கூடாது. உடனே வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் அறிவித்தல் வேண்டும். 2017 சூலை 6-ஆம் நாள் இரிசர்வு வங்கிச் சுற்றறிக்கை இதில் தெளிவானது. வங்கியின் குறையும் கணக்குடையவரின் குறையும் இன்றிப் பணம் போயிருந்து, செய்தி கிடைத்த 3 வேலைநாளுக்குள் அவர் அறிவித்தால் இழப்பு அவரைச் சேராது என்றது அது. கடவெண்ணைத் தாமே சொல்லிவிட்டவருக்கும் ஒரு காப்பு வைத்தது: அறிவிக்கும்வரை நேர்ந்த இழப்பே அவருடையது, அறிவித்தபின் நேர்வது வங்கியினுடையது. குற்றம் கணக்குடையவரதே என்று மெய்ப்பிக்கும் கடமையையும் வங்கியின் மேலேயே சுமத்தியது. எனவே தயங்கும் ஒவ்வொரு மணித்துளியும் திருடனுக்கு ஆதாயம்.

இக்காப்பும் தமிழில் சென்று சேராவிடில் ஏட்டுச் சுரைக்காயே. ஆதலின் கணக்குடைய ஒவ்வொருவரும் தம் வங்கிக்கிளையில், 'எச்சரிக்கை தமிழில் வேண்டும்' என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெறுக. படித்த இளைஞர் தத்தம் தெருவிலுள்ள முதியோர்க்கு இவற்றை எடுத்துரைக்க. உழைத்தவர் மொழியில் பேசாத பூட்டு, உழைத்தவர் பொருளைக் காவாது!