பைக்குள் கிடக்கும் துப்பாக்கி யாருடையது?

2025-ஆம் ஆண்டு பெப்ரவரி 19-ஆம் நாள், கொழும்பு அளுத்கடை நீதவான் நீதிமன்றத்தில், எதிரியாகக் கொண்டுவரப்பட்டிருந்த கணேமுல்ல சஞ்சீவ என்பவர் நீதவான் மன்றுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணியின் உடையில் வந்திருந்தார். துப்பாக்கி வந்த வழி அதனினும் கொடிது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை என்னும் நூலின் தாள்கள் உள்ளே வெட்டியெடுக்கப்பட்டு, அந்தக் குழிக்குள் சுழல் துப்பாக்கி படுக்கவைக்கப்பட்டிருந்தது. சட்டத்தரணி போல் உடுத்திய ஒரு பெண்ணே நூலை உள்ளே கொண்டுவந்தார் எனப் பொலிசார் கூறினர். எவரையும் இங்கே குற்றவாளி எனத் தீர்ப்பது நம் தொழிலன்று. அது மன்றின் தொழில். நாம் கேட்பது வேறு: அந்த நூல் வாயிலைக் கடந்தபோது அதனைத் திறந்து பார்க்க எவருக்கும் ஏன் கை எழவில்லை?

விடை நமக்குத் தெரியும். கறுப்புக் கோட்டைக் கண்டால் காவலாளி ஒதுங்கி வழிவிடுவான். கண்டி நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக அதே வாயில்களைக் கடந்துவரும் நாமும் அவ்வாறு வழிவிடப்பட்டவர்களே. கட்சிக்காரன் தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு உள்ளே வருவான். அவனுக்கு வாதாட வந்த நாம் கனத்த பையுடன் நிமிர்ந்து நடப்போம். அந்த மரியாதை நமக்கு இனித்தது என்பதை மறைப்பானேன்?

உடையை நம்பிச் சோதனையைக் கைவிட்டதன் பயனை இந்நாடு முன்னரும் கண்டது. 1959-ஆம் ஆண்டு செப்டெம்பர் 25-ஆம் நாள், ரொஸ்மிட் பிளேசில் தம் இல்லத்தில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். சுட்டவர் காவியுடையில் வந்த தல்துவே சோமராம. காவியுடையை யார் தடவிப் பார்ப்பார்? தமிழ்த் தலைவர்களுடன் 1957-இல் செய்த ஒப்பந்தத்தை மறு ஆண்டே அவர் கிழித்தெறிந்ததை நாம் மறந்தோமல்லோம். ஆயினும் அதற்கு விடை வாக்குச்சீட்டேயன்றித் துப்பாக்கி ரவையன்று. 1959-இல் காவி, 2025-இல் கறுப்பு. இரண்டுக்குமிடையில் அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும், ஆளைவிட உடையை நம்பும் வழக்கம் அப்படியே இருக்கின்றது.

இந்த நாட்டில் எவருடைய பைகள் திறக்கப்பட்டன என்பதைத் தமிழ் பேசும் மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1979-இல் தற்காலிகச் சட்டம் என்ற பெயரில் வந்து நிலைத்துவிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில், கண்டிப் பேருந்து நிலையத்தில் இறங்கிய தோட்டத்து இளைஞனின் பையும், யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவியின் பெட்டியும் எத்தனை முறை தெருவில் கொட்டப்பட்டன! 1998-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் தலதா மாளிகை வாயிலில் குண்டு வெடித்து உயிர்கள் பலியான பின்னர், இந்நகரில் தமிழ்ப் பெயர் தாங்கிய அடையாள அட்டையே ஐயத்துக்குப் போதுமான சான்றாயிற்று. ஆகவே சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. ஆனால் நம் குறை சோதனை நடந்தது என்பதன்று; ஆள் பார்த்து, பெயர் பார்த்து, உடை பார்த்து நடந்தது என்பதே. எல்லாருடைய பையும் ஒரே மேசையில் வைக்கப்படுமானால் அதில் இழிவு யாருக்கும் இல்லை.

சட்டத்தரணிகளின் பைகளைச் சோதித்தால் கட்சிக்காரரின் இரகசியம் என்னாகும் என்று நம் நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அந்த இரகசியத்தைக் காக்கின்றது. அதில் ஓர் எழுத்தையும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் கதிர்ப்படப் பொறி உலோகத்தைக் காட்டுமேயன்றிக் கடிதத்தை வாசிக்காது. ஐயம் எழுந்தால், சட்டத்தரணியின் முன்னிலையில், தாள்களைப் புரட்டாமல், நூலை மட்டும் விரித்துப் பார்க்கலாம். குடைந்த நூல் விரித்த கணத்திலேயே தெரிந்துவிடும்.

இனி, அனுமதிப்பத்திரத்துடன் துப்பாக்கி வைத்திருப்போரைப் பற்றி. 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்கப்படுகின்றது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்தது. யாரிடம் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பதே அங்கு ஆராயப்பட்ட பொருள். அதை எவ்வாறு கொண்டு திரிய வேண்டும் என்ற கேள்வியோ ஓரத்தில் நிற்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் அலுவலகத்துக்கு வணிகர் ஒருவர் வந்தார். கைப்பையைக் கதிரையின் முதுகில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். அவருடைய பேரன், ஆறு வயதிருக்கும், பையின் சிப்பை இழுத்து விளையாடத் தொடங்கினான். திரும்பி வந்தவர் பாய்ந்து பையைப் பறித்த விதத்தைக் கண்ட பின்னரே உள்ளே இருப்பது என்ன என்று நமக்கு விளங்கிற்று. அனுமதிப்பத்திரம் ஒழுங்காக இருந்தது, ரவையும் நிரப்பப்பட்டிருந்தது!

அன்று பையனுக்குச் சிப் திறபடவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஹேடன் என்னும் ஊரின் கடையொன்றில், 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அது திறபட்டது. தாயின் கைப்பையில், துப்பாக்கிக்கென்றே தைத்த தனியறையில் இருந்ததை இரண்டு வயதுக் குழந்தை எடுத்தது. தாய் அவ்விடத்திலேயே இறந்தார். அவரிடம் அனுமதி இருந்தது. துப்பாக்கியைக் கையாளவும் அறிந்தவர். பை மட்டும் உடலைவிட்டு ஒரு முழம் தள்ளி, கடைத் தள்ளுவண்டியில், குழந்தையின் பக்கத்தில் இருந்தது.

இடுப்பில் கட்டிய ஆயுதத்தை ஒருவர் மறந்து எழுந்து போக முடியாது. பையை மறந்து போகலாம். பை களவு போனால் துப்பாக்கியும் உடன் போயிற்று. பைக்குள் திறப்போ பேனையோ விசையில் சிக்கினால் தானே வெடிக்கும். கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் புகையிரதத்தில் பையைத் தலைக்குமேல் தட்டில் எறிந்தால், குழலின் வாய் எந்தப் பயணியின் நெற்றியை நோக்கியிருக்கின்றது என்று யாருக்குத் தெரியும்? தற்காப்புக்கென்று வாங்கியவருக்கோ, ஆபத்து வந்த கணத்தில் சிப்பைத் தேடுவதற்கே நேரம் போதாது.

ஆகவே வேறு வழியின்றிப் பையில் கொண்டு செல்வோர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக்குத் தனியறை, அதில் வேறெதுவும் இருத்தல் ஆகாது. விசையை முழுதும் மூடும் கடினமான உறை. வார் தோளின் குறுக்கே. கதிரையில் மாட்டுவதும், வாகனத்தில் விட்டுச்செல்வதும், பெரஹராக் கூட்டத்தில் கொண்டு நுழைவதும் கூடா. வீடு சேர்ந்ததும் ரவையை நீக்கிப் பூட்டி வைத்தல் வேண்டும். கவனயீனத்தால் உயிர் போனபின் தண்டனைச் சட்டக்கோவையின் 298-ஆம் பிரிவு வரும். நாம் வேண்டுவது, அதற்கு முன்னரே இம்முறைகள் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளாக எழுதப்பட்டு, பயிற்சி பெறாதவருக்குப் பத்திரம் மறுக்கப்பட வேண்டும் என்பதே.

கமக்காரரை இவர்களுடன் ஒரே தட்டில் நிறுத்துதல் அநீதி. தெல்தெனியவிலும் ஹசலக்கவிலும் ஒரு போக உழைப்பைப் பன்றியும் குரங்கும் ஓரிரவில் தின்றுவிடுகின்றன. பயிர்காவலுக்கு நெடுந்துவக்கு வைத்திருப்பவன் கச்சேரிக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலைந்து பத்திரம் புதுப்பிக்கின்றான். அவனுக்குத் தாமதமின்றி அது கிடைக்க வேண்டும். அவனும் ஒன்று செய்ய வேண்டும்: துவக்கைச் சாக்கில் சுற்றி முச்சக்கரவண்டியில் கொண்டு போகையில், குழலை மடித்துத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, வேறாக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுத்துவக்கு வைப்பதை அடியோடு விட வேண்டும்; பன்றிக்குக் கட்டிய கம்பி, விறகுக்குப் போன அயலவனின் காலிலும் படும்.

அமைச்சு எப்போது விதி எழுதும் என்று காத்திருக்க நமக்கு விருப்பமில்லை. கண்டிச் சட்டத்தரணிகள் கூடி, நம் பைகளும் நூல்களும் கட்சிக்காரருடைய பைகளுடன் ஒரே வரிசையில் சோதிக்கப்படலாம் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். அதனை முன்மொழிய நாம் ஆயத்தம். வழிமொழிவோர் நமக்கு எழுதுக.