முதல் போட்டவரின் பொறுப்பு

ஒருவர் முதல் தருகிறார். மற்றவர் உழைப்பைத் தருகிறார். இலாபத்தை இருவரும் பேசிய விகிதப்படி பகிர்ந்துகொள்கின்றனர். நட்டம் வரின் முன்னவர் பணத்தையும் பின்னவர் உழைப்பையும் இழப்பர். இஸ்லாமிய வணிக நெறி ‘முளாரபா’ எனக் கூறும் கூட்டு இதுவே. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டில் வணிகம் செய்ததும் இத்தகைய கூட்டாகவே கூறப்படுகிறது.

இன்று ‘பிரைவேட் ஈக்விட்டி’ எனப்படும் தனியார் பங்கு முதலீடும் ஏறத்தாழ இவ்வுருவமே. பங்குச் சந்தைக்கு வராத நிறுவனத்தில் பங்கு வாங்கி, நிர்வாகக் குழுவில் இடம்பெற்று, சில ஆண்டுகளில் விற்று இலாபம் காண்பது அதன் முறை. இத்தகைய நிதிகளுக்குச் செபி 2012-இல் விதி வகுத்தது. பொதுவாக ஒருவர் குறைந்தது 1 கோடி ரூபாய் இடவேண்டும். ‘நமக்கென்ன?’ என்று எண்ண வேண்டா. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தை உறவினர் தொழிலில் பங்காகப் போடுபவருக்கும் கேள்வி ஒன்றே: இலாபத்தில் பங்குடையவருக்கு, அத்தொழிலால் விளையும் தீங்கில் பங்கில்லையா?

செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை ஒருபுறம் கடல். மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். இடையிலுள்ள மணலடியில் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவின்றி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். உவர்நீரைக் குளமாகத் தேக்கினால் மேலிருந்து உப்பு கீழிறங்கும். எவ்வாறாயினும் கெடுவது அண்டை வீட்டாரின் கிணறே.

தமிழகக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது எழுந்த முறையீடும் இதுதான். சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அமைந்த பண்ணைகளை அகற்றவும், மாசுபடுத்தியவர் ஈடு செலுத்தவும், வேலையிழப்போருக்கு இழப்பீடு தரவும் ஆணையிட்டது. பின்னர் 2005-இல் தனிச் சட்டம் பிறந்து, பண்ணைகள் பதிவு பெற்று இயங்க வழி வகுத்தது. நீர் கெடுமா, தொழிலாளர் நிலை என்ன, உரிமமும் கணக்கும் நேரானவையா என்னும் மூன்று கேள்விகளை முதல் போட்டவர்கள் முன்பே கேட்டிருந்தால், அவற்றை நீதிமன்றம் கேட்க நேர்ந்திராது அன்றோ?

நபிகளாரின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்கள் முதல் கொடுக்கும்போது, கடல்வழி செல்லலாகாது, பள்ளத்தாக்கில் இறங்கலாகாது, கால்நடை வாங்கலாகாது என நிபந்தனை விதிப்பார்கள் என்றும், நபிகளார் அதனை ஏற்றார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. அந்நிபந்தனைகள் முதலைக் காத்தன. நம் நிபந்தனைகள் அண்டை வீட்டாரையும் காக்கட்டுமே!

இதனால் இலாபம் குறையும் என்பர். குறையலாம். குறைவது நம் பங்கன்று. பிறர் கிணற்றிலிருந்து நாம் எடுக்கவிருந்த பங்கு. கொடுத்தபின் விதிக்கும் நிபந்தனைக்கு வலிமை குறைவு. ஆதலால், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒருமுறை அவ்விடம் செல்லுங்கள். அண்டை வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் நீர் அருந்திப் பாருங்கள். பிறகு கையெழுத்திடுங்கள்.